ஏரி பச்சை பெயிண்ட் போல ஆகாமல் காப்பது எப்படி: வயல் உரம் முதல் ஏரிப் பாசி வரை முழுமையான வழிகாட்டி

மாசி கழிந்து பங்குனி பிறக்கும் நேரத்தில் எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஒரு வாடை கிளம்பும். அறுத்த புல்லை ஈரத்தோடு மூட்டை கட்டி நான்கு நாள் மறந்துவிட்டால் வருமே, அந்த வாடை. போன வருடம் அதைப் பிடித்துக்கொண்டே நடந்து போனேன். காற்று தள்ளும் மூலையில் தண்ணீரே தெரியவில்லை. பச்சை பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்தது போல ஒரு படலம். கரையோரம் காய்ந்த இடங்களில் மட்டும் வெளிறிய நீலம். மாடுகள் இறங்கித் தண்ணீர் குடிப்பதும் அதே மூலையில்தான்.

மாடு ஓட்டி வந்த பெரியவரை நிறுத்தினேன். "பாசிதானேப்பா, நம்ம ஏரிக்கு இது புதுசா? மாடு ஒதுக்கிட்டுக் குடிச்சுக்கும்" என்றார். "இது அந்தப் பாசி இல்லை பெரியப்பா. இன்னைக்கு எதிர்க்கரைக்கு ஓட்டிக்கிட்டுப் போங்க" என்று சொல்லி அனுப்பினேன். அவருக்கு அந்த ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாததை எல்லாம் இங்கே எழுதுகிறேன். ஏரி, கண்மாய், குளம் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் சரி, ஊரில் ஒரு நீர்நிலையை நம்பி வாழ்கிறவர்களுக்கும், அதன் பாசன நிலமான ஆயக்கட்டில் பயிர் வைப்பவர்களுக்கும், ஊராட்சியில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் இது பயன்படும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படலம் கண்ணுக்குத் தெரிந்த பிறகு ஏரித் தண்ணீரில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். வேலையில் முக்கால்வாசி ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலிலும் வயலிலும் இருக்கிறது. அந்த வயலும் பல நேரங்களில் நம் ஊர் வயலாக இருக்காது.

ஏரிக்குள் நடப்பது என்ன

படலம் கட்டுவது நீலப்பச்சைப்பாசி. பெயரில் பாசி இருந்தாலும் அது பாக்டீரியா வகை. சயனோபாக்டீரியா என்பார்கள். நெல் விவசாயிகளுக்கு இந்தப் பெயர் பழக்கமானது. தழைச்சத்துக்காக (நைட்ரஜன்) அசோலாவோடு சேர்த்து வயலில் இடச் சொல்லும் உயிர் உரமும் நீலப்பச்சைப்பாசிதான். அதனாலேயே "இது நல்லதுதானே" என்று பலர் கேட்கிறார்கள். குடும்பம் ஒன்று, ஆள் வேறு. ஏரிகளில் பெரும்பாலும் படலம் கட்டுவது மைக்ரோசிஸ்டிஸ் என்ற இனம். அதன் செல்லுக்குள் நுண்ணிய காற்றுப் பைகள் இருப்பதால் வெயிலைத் தேடி மேலே மிதந்து வரும். லேசான காற்று போதும், ஏரி முழுக்கப் பரவியிருந்தது ஒரே மூலையில் குவிந்துவிடும்.

இது பெருகுவதற்கு மூன்று வசதிகள் வேண்டும். 25 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீர், அலையில்லாத நிலை, ஏராளமான ஊட்டம். முதல் இரண்டும் நம் கோடையில் தானாகவே கிடைத்துவிடும், அவற்றை நம்மால் மாற்ற முடியாது. கை வைக்க முடிந்தது மூன்றாவதில்தான். அதிலும் முக்கியமானது பாஸ்பரஸ், நம் பேச்சில் மணிச்சத்து. தழைச்சத்தைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும் நீலப்பச்சைப்பாசி இனங்கள் உண்டு. மணிச்சத்துக்கு அப்படி ஒரு வழி இல்லை. அது மண்ணிலிருந்தோ உரத்திலிருந்தோ கழிவிலிருந்தோ தண்ணீரோடு வந்து சேர வேண்டும்.

கனடாவில் இதைக் கண் முன்னால் காட்டினார்கள். ஒண்டாரியோ மாநிலத்தில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஏரிகளில் 226 என்ற எண் கொண்ட ஏரியை 1973இல் நடுவே திரை போட்டு இரண்டாகப் பிரித்தார் டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானி. ஒரு பாதியில் கரிமமும் தழைச்சத்தும், மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். சில வாரங்களில் பாஸ்பரஸ் விழுந்த பாதி மட்டும் பச்சையானது. விமானத்திலிருந்து எடுத்த அந்தப் படம் இன்றும் இத்துறைப் பாடங்களில் முதலில் காட்டப்படுகிறது.

நம் கணக்கில் இதைப் போட்டுப் பாருங்கள். 10 ஏக்கர் ஏரி, சராசரி ஆழம் ஒரு மீட்டர். தண்ணீர் சுமார் 4 கோடி லிட்டர். 50 கிலோ டி.ஏ.பி. உர மூட்டையில் சுத்தமான பாஸ்பரஸ் கிட்டத்தட்ட 10 கிலோ. அதாவது 5 கிலோ டி.ஏ.பி.யில் ஒரு கிலோ. அந்த ஒரு கிலோ முழுவதும் ஏரியில் கலந்தால் லிட்டருக்கு 25 மைக்ரோகிராம் கூடும். ஏரித் தண்ணீரில் மொத்தப் பாஸ்பரஸ் லிட்டருக்கு 30 மைக்ரோகிராமைத் தாண்டினாலே ஊட்டம் மிகுந்த ஏரி என்று சொல்லத் தொடங்குகிறார்கள். மூட்டை 1,350 ரூபாய் என்று வைத்தால், 135 ரூபாய் உரம் 4 கோடி லிட்டர் தண்ணீரின் தன்மையைக் கெடுக்கும் எல்லைக்குக் கொண்டுபோகிறது. முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது எங்கோ ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மூன்று முறை போட்டும் அதே விடை.

முதல் படி: இது எந்தப் பாசி என்று பாருங்கள்

பச்சையாக இருப்பதெல்லாம் ஆபத்தானது அல்ல. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் முழு பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டாலும் போதும்.

ஒரு குச்சியை எடுத்துப் படலத்தில் விட்டு மெதுவாகத் தூக்குங்கள். நூல் நூலாக, ஈரத் தலைமுடி போலத் தொங்கினால் அது சாதாரண இழைப்பாசி. குட்டி குட்டி இலைகளும் அடியில் மயிர் போன்ற வேரும் ஒட்டி வந்தால் அது மிதக்கும் செடி. குச்சி பெயிண்டில் முக்கி எடுத்தது போல வழவழவென்று வந்தால் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்தது பாட்டில் சோதனை. கண்ணாடிப் பாட்டிலில் முக்கால்வாசி ஏரித் தண்ணீர் பிடியுங்கள். படலத்தை மட்டும் அள்ளாமல் அதற்குச் சற்றுக் கீழே உள்ள தண்ணீரைப் பிடிப்பது நல்லது. மூடி, வெளிப்புறத்தைக் கழுவி, ஓர் இரவு அசைக்காமல் குளிர்ந்த இடத்தில் வைத்துவிடுங்கள். நான் திண்ணையின் உள்மூலையில் வைத்தேன். காலையில் பார்த்தபோது பாட்டிலின் கழுத்தில் விரல் கனத்துக்கு ஒரு பச்சை வளையம், அதன் கீழே கிட்டத்தட்டத் தெளிந்த தண்ணீர். இப்படி மேலே ஏறி நின்றால் நீலப்பச்சைப்பாசியாக இருக்க வாய்ப்பு அதிகம். அடியில் படிந்தால் வேறு வகை. வீட்டில் வைத்தால் குழந்தைகள் கைக்கு எட்டாத இடமாகப் பாருங்கள்.

இந்தச் சோதனைகள் வகையைத்தான் காட்டும். நஞ்சு இருக்கிறதா, எவ்வளவு என்பது ஆய்வகத்தில் மட்டுமே தெரியும். ஒரே இனம் ஒரு வாரம் நஞ்சில்லாமலும் அடுத்த வாரம் நஞ்சோடும் இருக்கலாம். எனவே குச்சி சந்தேகம் காட்டினால் நஞ்சு இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போய்விடுங்கள்.

இரண்டாம் படி: அன்றைக்கே செய்ய வேண்டியது

கொதிக்க வைத்துக் குடித்தால் போதும் என்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். இந்த இடத்தில் அது தவறு. மைக்ரோசிஸ்டிஸ் உண்டாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சு கொதித்தாலும் அழியாது. செல் உடைந்து உள்ளே இருக்கும் நஞ்சும் வெளியே வரும், தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடும். 2014 ஆகஸ்ட் 2ஆம் தேதி அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டொலிடோ நகரம் இதைத்தான் மக்களுக்கு அறிவித்தது: குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள். ஈரி ஏரியிலிருந்து வந்த தண்ணீர் அது. 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மூன்று நாள் பாட்டில் தண்ணீரில் வாழ்ந்தார்கள். நவீன சுத்திகரிப்பு நிலையம் உள்ள பெரிய நகரத்துக்கே அந்த நிலை.

எனவே குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர் வேண்டும். படலம் உள்ள பக்கத்தில் குளிக்கவோ பிள்ளைகள் நீச்சலடிக்கவோ கூடாது. தவறிப் போய் இறங்கிவிட்டால் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் குளித்துவிடுங்கள். தோல் அரிப்பு, கண் எரிச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் மருத்துவரிடம் ஏரியில் இறங்கியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் அவருக்கு இந்தச் சந்தேகம் வர வழியே இல்லை.

மாடு ஆடுகளுக்குத்தான் ஆபத்து அதிகம். 1878இல் ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியில் கால்நடைகள் செத்ததைப் பற்றி ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் எழுதியதுதான் இந்த நஞ்சைப் பற்றிய முதல் அறிவியல் பதிவு என்கிறார்கள். அவரும் அந்தப் படலத்தைப் பச்சை எண்ணெய்ப் பெயிண்ட் என்றுதான் எழுதியிருக்கிறார். மாடு ஒதுக்கிக் குடிக்காது, முகத்தை உள்ளே விட்டுக் குடிக்கும். காற்று தள்ளும் கரையில் நான்கு கம்பு நட்டு முள் போட்டு அடைத்துவிடுங்கள். எதிர்க்கரையில் இறக்குங்கள், முடிந்தால் தொட்டியில் போர்த் தண்ணீர் காட்டுங்கள். தீனி எடுக்காமல் நிற்பது, தள்ளாட்டம், நடுக்கம், மூச்சுத் திணறல் தெரிந்தால் 1962க்கு அழைத்துக் கால்நடை மருத்துவரை வரவழையுங்கள். நாய்கள் ஏரியில் விழுந்து வந்து உடம்பை நக்கும், அவற்றையும் கழுவிவிட வேண்டும்.

மீன் விஷயம். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து தவித்தால், அது பெரும்பாலும் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்ததன் அடையாளம். பாசி இரவில் சுவாசித்தும், செத்து அழுகியும் ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது. படலம் கனமாக உள்ள நாட்களில் பிடித்த மீனைத் தவிர்ப்பது நல்லது. செத்து மிதப்பதை எடுக்கவே கூடாது. சாதாரண நாளில் பிடித்ததையும் குடலும் ஈரலும் முழுக்க நீக்கி, நல்ல தண்ணீரில் அலசிச் சமையுங்கள்.

மூன்றாம் படி: வரத்துக்காலோடு மேலே நடங்கள்

எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் படி இது. பொதுவாக யாரும் செய்யாததும் இதுதான்.

நம் ஏரிகளின் அமைப்பை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். ஏரி மேலே, ஆயக்கட்டு கீழே. நாம் வயலில் போடும் உரம் மேல்நோக்கி ஓடி நம் ஏரிக்கு வராது. அது வடிகாலில் இறங்கிக் கீழூர் ஏரிக்குப் போகும். நம் ஏரிக்கு வருவது மேலூர் ஆயக்கட்டின் வடிநீரும், மேலூர் ஏரியின் கலங்கல் வழிந்து வரும் மறுகால் தண்ணீரும், வழியில் உள்ள மானாவாரிக் காடுகளின் மழைநீரும். தமிழ்நாட்டில் 39,000க்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ளன. அவற்றில் பெரும்பகுதி இப்படிச் சங்கிலியாகக் கோத்தவை. தண்ணீரைப் பங்கு போடக் கட்டிய அந்தச் சங்கிலியில் இப்போது உரமும் சேர்ந்தே இறங்குகிறது. நம் ஊர்க்காரர் மட்டும் திருந்தினால் நம் ஏரி தெளியாது, கீழூர் ஏரிதான் தெளியும். நம் ஏரி தெளிய மேலூர்க்காரரிடம் பேச வேண்டும். மேலூர்க்காரர் காது கொடுக்க வேண்டுமென்றால் நாம் கீழூருக்கு அதைச் செய்து காட்டியிருக்க வேண்டும்.

எனவே ஒரு நாள் காலையில் இரண்டு மூன்று பேராகக் கிளம்புங்கள். ஏரிக்குள் வரத்துக்கால் விழும் வாயில் தொடங்கித் தண்ணீர் வந்த வழியே மேலே நடங்கள். கையில் ஒரு நோட்டு, முடிந்தால் கிராம வரைபடத்தின் நகல். எந்த இடத்தில் எது கால்வாயில் சேர்கிறது என்று குறித்துக்கொண்டே போங்கள். வயல் வடிமடை, தெருச் சாக்கடை, மாட்டுக் கொட்டகையின் கழுநீர், குப்பைக்குழி, கோழிப்பண்ணை எருக் குவியல், கழிவறைத் தொட்டி வழியும் இடம். கால்வாயில் ஓரிடத்தில் மட்டும் பாசி திடீரென்று அடர்த்தியாக இருந்தால், அதற்குச் சற்று மேலே ஊட்டம் ஏதோ கலக்கிறது என்று அர்த்தம்.

இங்கே நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். எல்லாப் பழியும் உரத்துக்குப் போகக் கூடாது. ஒரு மனிதர் வருடத்துக்குக் கிட்டத்தட்ட அரை கிலோ பாஸ்பரஸை உடலிலிருந்து வெளியேற்றுகிறார். 80 பேர் வாழும் ஒரு தெருவின் கழிவு முழுதும் ஏரிக்குப் போனால் அது நான்கு மூட்டை டி.ஏ.பி.க்குச் சமம். நகரத்தை ஒட்டிய ஏரி என்றால் முதல் எதிரி சாக்கடைதான். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் ஏரியில் கலந்த கழிவுநீரை 1963 முதல் 1968 வரை படிப்படியாக வேறு வழியில் திருப்பினார்கள். சில ஆண்டுகளில் ஏரி தெளிந்தது. வயல்களின் நடுவே உள்ள கிராமத்து ஏரியில்தான் உரம் பெரிய பங்கு எடுக்கிறது. உங்கள் ஏரி எந்த வகை என்பதை இந்த நடை காட்டிவிடும்.

நான்காம் படி: வயலில் மாற்ற வேண்டியவை

"உரத்தைக் குறைங்க" என்று ஒரு விவசாயியிடம் மொட்டையாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. விளைச்சல் குறைந்தால் அவர் கடனை யார் கட்டுவது? வயலைவிட்டு ஓடும் உரம் பயிருக்குப் பயன்படாத உரம். பேச்சை அங்கிருந்து தொடங்கினால் அவரும் உட்கார்ந்து கேட்பார்.

மண் பரிசோதனையில் தொடங்கலாம். மண்வள அட்டையில் மணிச்சத்து என்ற வரியைப் பாருங்கள். ஹெக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழே குறைவு, 11 முதல் 22 வரை நடுத்தரம், 22க்கு மேல் அதிகம். வருடக்கணக்காக ஒவ்வொரு போகத்துக்கும் டி.ஏ.பி. போட்ட வயல்களில் இது 'அதிகம்' என்று வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். மணிச்சத்து தழைச்சத்து போலக் காற்றில் போகாது, மண்ணைப் பிடித்துக்கொண்டு சேமிப்பாகக் கிடக்கும். அட்டையோடு வேளாண் உதவி அலுவலரைப் பார்த்து, அந்த வயலுக்கு எவ்வளவு குறைக்கலாம் என்று கேளுங்கள். கிசான் கால் சென்டர் எண் 1800 180 1551, தமிழிலேயே பேசலாம்.

அப்புறம், டி.ஏ.பி.யை மேலுரமாகப் போடும் பழக்கம். "டி.ஏ.பி. போட்டாதான் பயிர் கருகருன்னு வரும்" என்பார்கள். உண்மைதான், நான்கைந்து நாளில் கருக்கும். கருக்க வைப்பது அதில் உள்ள 18 சதவீதத் தழைச்சத்து. கூடவே வந்த 46 சதவீத மணிச்சத்துக்கு (மூட்டையில் எழுதும் ஆக்சைடு கணக்கு இது, சுத்தமான பாஸ்பரஸ் 20 சதவீதம்தான்) அந்த நேரத்தில் பயிரிடம் பெரிய வேலை இல்லை. வேர் பிடிக்கும் தொடக்க நாட்களில்தான் அது வேண்டும். மேலே தூவியது மேல்மண்ணிலேயே கிடந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும். மணிச்சத்து முழுவதையும் அடியுரமாகக் கொடுத்துவிட்டு, மேலுரத்துக்கு யூரியாவைப் பிரித்துப் போடுவதே சரி. அந்த யூரியாவையும் இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்துப் போட்டால் தேவைக்கு மேல் போகாது. தழைச்சத்தும் ஏரிக்கு நல்லதல்ல. மைக்ரோசிஸ்டின் தழைச்சத்து மிகுந்த ஒரு பொருள். ஏரியில் தழைச்சத்து ஏராளமாகக் கிடைத்தால் நஞ்சு உண்டாவதற்கும் வசதி கூடுகிறது.

அடியுரத்தைக் கடைசி உழவில் போட்டுச் சேற்றோடு கலந்துவிடுங்கள். ஈரி ஏரியைச் சுற்றிய விவசாயிகளுக்கு இது பெரிய பாடமாக அமைந்தது. டொலிடோவில் அந்த ஏரியில் கலக்கும் மௌமி ஆற்றின் படுகையில் பெரும்பகுதி மக்காச்சோளமும் சோயாவும் விளையும் நிலம். மண் அரிப்பைத் தடுக்க உழாமல் விதைக்கும் முறைக்குப் பலர் மாறினார்கள். மண் நின்றது. ஆனால் உரத்தை மேலே தூவி அப்படியே விட்டதால் அது மேல்பரப்பில் சேர்ந்துகொண்டே போனது. 1990களின் நடுவிலிருந்து கரைந்த வடிவில் பாஸ்பரஸ் ஆற்றில் கூடத் தொடங்கியது, பாசியும் திரும்பி வந்தது. மண் போகாமல் பார்த்தால் மட்டும் போதாது, உரம் மண்ணுக்குள் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மானாவாரிச் சோளம், பருத்திக்கும் இதேதான். தூவுவதைவிட, விதைக்குப் பக்கத்தில் சாலில் போட்டு மூடுங்கள்.

நெல் வயலில் உரத்தை அதிகமாகக் கொண்டுபோகும் நேரம் எது என்று கேட்டால், சேற்றுத் தண்ணீரை வடிக்கும் அந்த ஒரு நாளைத்தான் சொல்வேன். உழுது கலக்கி, அடியுரம் போட்டு, நடவுக்கு ஆள் வந்துவிட்டார்கள் என்று செம்மண் குழம்பு போலத் தண்ணீரை மடை திறந்து விடுகிறோம். அந்தக் குழம்பில் போவது நம் வயலின் மிக நல்ல மண்ணும் நேற்றுப் போட்ட மணிச்சத்தும். உழவுக்குத் தண்ணீரைக் குறைவாகவே கட்டுங்கள். உழுத பிறகு ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் தெளிய விடுங்கள். நடவுக்கு வடித்தே ஆக வேண்டும் என்றால் மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் மெதுவாக வடியுங்கள், அல்லது பக்கத்து வயலுக்குத் திருப்புங்கள். உரம் போட்ட பிறகு ஒரு வாரம் வடிமடையைத் திறக்காமல் வைத்தால் வயல் நீரில் கரைந்த உரத்தில் பெரும்பகுதியை மண் பிடித்துக்கொள்ளும்.

வரப்பு தாழ்ந்திருந்தால் இத்தனையும் வீண். நண்டு வளைகளை அடைத்து, வரப்பை உயர்த்தி அணைத்துக் கட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் உரம் வாங்கி வைத்துவிட்டோம் என்பதற்காகக் கருமேகத்துக்கு அடியில் தூவ வேண்டாம். வானிலை அறிக்கை கைப்பேசியிலேயே வருகிறது. இரண்டு மூன்று நாளில் கனமழை என்றால் மூட்டை வீட்டில் இருக்கட்டும். தொழு உரத்துக்கும் ஆட்டுக்கிடைக்கும் இதே கணக்கு. இயற்கை உரம் என்றாலும் அதில் உள்ள மணிச்சத்தும் பாசிக்கு உணவுதான். கால்வாயை ஒட்டிக் குவிக்காதீர்கள், கிடையைச் சற்றுத் தள்ளிப் போடுங்கள்.

ஐந்தாம் படி: வழியில் வடிகட்டுங்கள்

வரத்துக்காலின் இரு பக்கமும் சில அடி அகலத்துக்குப் புல் நிற்கட்டும். கோரை, நாணல், வெட்டிவேர், எது தானாக வருகிறதோ அது. நூறு நாள் வேலையில் கால்வாயைச் 'சுத்தமாக' வழித்து வைப்பதைப் பார்த்தால் எனக்கு மனது கஷ்டமாக இருக்கும். தண்ணீர் ஓடும் நடுப்பகுதியை மட்டும் தூர்வாரிவிட்டுக் கரைப் புல்லை விட்டுவைக்கலாம். ஏரியில் விழும் வாய்க்குச் சற்று முன்னால் கால்வாயை அகலப்படுத்தி ஒரு குழி எடுத்தால், வேகம் குறைந்து வண்டல் அங்கேயே படியும். கோடையில் அந்த வண்டலை அள்ளி வயலில் போட்டுக்கொள்ளலாம். அள்ளாமல் விட்டால் இரண்டாம் வருடம் அந்தக் குழி தூர்ந்துபோகும், பயன் இருக்காது.

ஆறாம் படி: ஏரிக்குள் செய்யக் கூடாததும் செய்யக் கூடியதும்

மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டால் பாசி இரண்டு நாளில் சாகும் என்று யாராவது சொல்வார்கள். சாகும் என்பது உண்மை. 1979இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தை ஒட்டிய பாம் தீவில் குடிநீர் அணையில் பாசி மண்டியதால் மயில்துத்தம் போட்டார்கள். சில நாட்களில் 148 பேர் ஈரலும் குடலும் பாதித்து நோயில் விழுந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். செத்த பாசி தன் நஞ்சை ஒரே நேரத்தில் தண்ணீரில் கொட்டிவிட்டது. பிளீச்சிங் பவுடருக்கும் இதே எச்சரிக்கை. மக்களும் மாடும் புழங்கும் ஏரியில் மருந்து கொட்டும் வேலையை ஊர் கையில் எடுக்க வேண்டாம்.

மீன் குத்தகை பற்றிப் பேசுவது சங்கடமான விஷயம். ஆனாலும் பேசாமல் விட முடியாது. மீனுக்குத் தீனியாக மிதவை உயிர்கள் பெருகட்டும் என்று சாணமும் கோழி எருவும் சூப்பர் பாஸ்பேட்டும் கொட்டுவது மீன் வளர்ப்பில் வழக்கம். தனிக் குட்டையில் அது மீன் வளர்ப்பவர் தொழில். ஊர் குடிக்கும், மாடு இறங்கும் ஏரியில் அதை அனுமதிக்கக் கூடாது. குத்தகை ஒப்பந்தத்திலேயே எருவும் உரமும் இடக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். குத்தகைதாரரைப் பகைக்க வேண்டியதில்லை, ஏலத்துக்கு முன்பே சொல்லிவிட்டால் அவர் கணக்குப் போட்டுத்தான் தொகை கேட்பார்.

ஆகாயத்தாமரை நிறைய ஊட்டத்தை உறிஞ்சும். அதை ஏரியிலேயே அழுக விட்டால் உறிஞ்சியதெல்லாம் திரும்பத் தண்ணீருக்கே வரும். வாரி எடுத்தால் கரைக்கு வெளியே, தண்ணீர் திரும்ப ஏரிக்கு வடியாத பக்கத்தில் மக்க வையுங்கள்.

ஏரித் தரையில் ஏற்கெனவே படிந்துள்ள மணிச்சத்துதான் பொறுமையைச் சோதிக்கும். அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் சேறு பிடித்து வைத்திருந்த பாஸ்பரஸ் திரும்பத் தண்ணீருக்கு வருகிறது. மேலிருந்து வருவதை முழுதாக நிறுத்தினாலும் சில வருடங்கள் பாசி வருவது இதனால்தான். இதற்கு நம் முன்னோர் செய்த வேலையே சரியான வைத்தியம். கோடையில் ஏரி வற்றும்போது மேல் வண்டலை வண்டி வண்டியாக வயலுக்கு அடித்தார்கள். ஸ்வீடனில் ட்ரம்மென் என்ற ஏரியில் 1970, 71இல் இயந்திரம் வைத்துச் சேற்றை உறிஞ்சி எடுத்துத்தான் பாசியைக் கட்டுப்படுத்தினார்கள். நாம் வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்து வண்டல் எடுக்கலாம். மேலே உள்ள மென்மையான கருவண்டலை எடுங்கள். கிராவலுக்காக ஆழத் தோண்டுவது வேறு வேலை, அதற்கு இந்தப் பெயரைக் கொடுக்க விடாதீர்கள்.

யாரிடம் மனு கொடுப்பது என்பதில் பலர் அலைகிறார்கள். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் அந்த ஏரி பொதுவாக நீர்வளத்துறையின் பொறுப்பு. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். முதலில் இதை உறுதி செய்துகொண்டு எழுதுங்கள்.

ஏழாம் படி: நோட்டும் பாட்டிலும்

பழைய பெயிண்ட் டப்பா மூடி ஒன்று எடுங்கள், ஒரு சாண் அகலம் இருந்தால் போதும். நான்கு கால் பங்காகப் பிரித்துக் கறுப்பு வெள்ளை மாற்றி மாற்றி அடியுங்கள். நடுவில் கயிறு கட்டி, அடியில் ஒரு கல் தொங்கவிட்டு, கயிற்றில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு. மாதம் ஒரு முறை, காலை பத்து மணிக்கு மேல், மதகுப் பக்கத்தில் இறக்குங்கள். வட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறியுங்கள். பாசி கூடினால் வட்டு சீக்கிரம் மறையும். மழைக்காலத்தில் செம்மண் கலங்கலாலும் வட்டு சீக்கிரம் மறையும், எனவே தண்ணீரின் நிறத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். கூடவே காற்று தள்ளும் மூலையில் படலம் இருந்ததா, வாடை வந்ததா, மீன் செத்ததா. பாஸ்பேட், நைட்ரேட் அளவு வேண்டுமென்றால் மாவட்டத்தில் உள்ள தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கேட்டுப் பாருங்கள்.

பருவத்தின் முதல் பெருமழை அன்று இன்னொரு வேலை இருக்கிறது. கோடை முழுக்க நிலத்தில் சேர்ந்தது எல்லாம் அந்த முதல் வெள்ளத்தில்தான் கழுவி வரும். மழை பிடித்த ஒரு மணி நேரத்துக்குள் வரத்துக்கால் வாயில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடியுங்கள். அரை மணிக்கு ஒரு முறை இன்னும் இரண்டு. ஒவ்வொன்றின் மேலும் தேதியும் நேரமும் எழுதி ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்து அடியில் எத்தனை விரல் சேறு படிந்திருக்கிறது என்று அளந்து நோட்டில் ஏற்றுங்கள். ஆய்வகத்துக்கு அனுப்ப ஒன்று, நம் ஊர் கிராம சபைக்கு ஒன்று.

மூன்றாவது பாட்டிலை மார்ச் 22ஆம் தேதி கிராம சபைக்கு மேலூருக்கு எடுத்துப் போங்கள். உலகத் தண்ணீர் தினத்தன்று நடக்கும் கூட்டம் என்பதால் தண்ணீரைப் பற்றிப் பேச யாரும் மறுக்க மாட்டார்கள். அங்கே உறவுக்காரர் யாராவது இருப்பார்கள், முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். போகும்போது கீழூரிலிருந்தும் ஒருவரைக் கூட அழைத்துக்கொள்ளுங்கள். நம் வடிமடைகளை இந்தப் போகம் எத்தனை நாள் அடைத்து வைத்தோம் என்று அவர் வாயால் சொல்லட்டும். பிறகு பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு, அவர்கள் ஊர் ஏரியின் நிறம் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.